பக்கத்து வீட்டின் விலை

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப் பாதை முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னர், நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் பங்கு இல்லத்துத் திண்ணையில் காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பழைய வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு விற்பது அவர் தொழில். ஒப்புரவு அருள்சாதனத்திற்காக வந்திருப்பார் என்று எண்ணினோம். அவரோ, "பாவசங்கீர்த்தனம் இல்லீங்க சாமி, ஒரு கணக்கு கேட்கணும்" என்றார். அவர் இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம். ஊரையும் ஆளையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

கணக்கு இதுதான். முதியவரான கைம்பெண் ஒருவர் தம் வீட்டை விற்க விரும்புகிறார். இரண்டரை சென்ட் மனை. நாற்பது ஆண்டுப் பழைய மெத்தை வீடு. அந்த அம்மையார் தாமாகவே சொன்ன விலை 18 இலட்சம். நம் நண்பரோ, அத்தெருவில் கடந்த ஒன்றரை ஆண்டில் கைமாறிய மூன்று வீடுகளின் உண்மையான விலையைத் தேடி அறிந்தவர். அந்த வீட்டை இன்றுள்ள நிலையிலேயே, குடியிருப்பதற்காக வாங்கும் ஒருவர் 25 இலட்சம் கொடுப்பார் என்பது அவர் மதிப்பு. "அவங்க கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினா அது பாவமா சாமி? நான் ஒரு பொய்யும் சொல்லலையே!" என்றார். சற்றுத் தயங்கி, "புதையல் இருந்த நிலத்தை வாங்கினவன் நிலத்துக்காரங்கிட்டச் சொல்லிட்டா வாங்கினான்?" என்று மத்தேயு நற்செய்தியையும் துணைக்கு அழைத்தார்.

அந்த உவமையைப் பற்றிய விடை எளிது. விண்ணரசுக்காக எல்லாவற்றையும் விற்றுவிடும் மனிதனின் மகிழ்ச்சியே அங்குப் பேசப்படுகிறது. நில விற்பனைக்கு அங்கு நெறி வகுக்கப்படவில்லை. ஆண்டவர் தம் வருகையைத் திருடனின் வருகைக்கும் ஒப்பிட்டார் என்பதால் யாரும் திருடப் புறப்படுவதில்லை. ஆனால் அவர் கேட்ட முதல் வினாவிற்கு விடை சொல்ல நமக்கு மூன்று வாரங்கள் ஆயின. அதற்குக் காரணம் நூல்களில் விடை இல்லாமை அன்று; நம் பழைய வாழ்வில் கிடந்த ஒரு பத்திரம். அதைப் பின்னர் சொல்வோம்.

ஒரு வீட்டின் விலையை எவ்வாறு காண்கிறார்கள் என்பதை முதலில் அறிந்துகொள்ள விரும்பினோம். அவர் விரிவாகச் சொன்னார். பொருளின் விலையைப் பொருளே சொல்வதில்லை. பக்கத்துப் பொருள்தான் சொல்கிறது. ஆகவே வாங்க நினைக்கும் வீட்டைப் போன்ற வேறு வீடுகள், அதே தெருவில் அல்லது அடுத்த தெருவில், அண்மையில் என்ன விலைக்குப் போயின என்று பார்க்க வேண்டும். விற்பனைக்கு என்று பலகை தொங்கவிட்டு எழுதிய விலையை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது விற்பவரின் ஆசை. அண்ணன் தம்பிக்கு விற்றதும், கடனில் மூழ்கி வங்கி ஏலத்திற்கு வந்ததும் விலை ஆகா. முன்னதில் பாசமும் பின்னதில் நெருக்கடியும் கலந்துள்ளன. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தியதும் உதவாது.

எஞ்சியவை மூன்று வீடுகள். இரண்டு வீடு தள்ளி இருப்பது 29 இலட்சத்திற்குப் போயிற்று. ஆனால் அது புதுத் தரையும் புது மின்கம்பியும் இட்டுச் செப்பனிட்ட வீடு. அதற்காக மூன்றரை இலட்சம் கழித்தார். தெருக்கோடியில், கார் நுழையாத இடத்தில் இருப்பது 23 இலட்சம்; சாலை வசதிக்காக இரண்டு கூட்டினார். மூன்றாவது முனைவீடு, முன்பக்கம் கடை உள்ளது, அரை சென்ட் கூடுதல் மனை; 31 இலட்சம். கடைக்காக நான்கும் மனைக்காக இரண்டும் கழித்தார். மூன்று வழிகளும் 25 இலட்சத்தை ஒட்டியே வந்து சேர்ந்தன. கணித ஆசிரியர் பிழை திருத்துவது போன்ற அந்தக் கவனத்தைக் கண்டு வியந்தோம். நேர்மையான உழைப்பு அது என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்த மூன்று விலைகளையும் எங்கிருந்து பெற்றார்? இங்குதான் நமக்குத் துணுக்குற்றது. நம் மாநிலத்தில் பதிவுத்துறையின் இணையதளத்தில் புல எண்ணைக் கொடுத்தால் வில்லங்கச் சான்றினை யாரும் பார்க்கலாம். யார் யாருக்கு, எந்த நாளில் விற்றார், கைமாற்றுத் தொகை எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. அந்த மூன்று வீடுகளுக்கும் அதில் கண்ட தொகை பதினான்கு, பதின்மூன்று, பதினைந்து இலட்சங்கள்! அரசு வகுத்த வழிகாட்டி மதிப்பை ஒட்டி எழுதி, எஞ்சியதைக் கையில் கொடுத்து முடித்த விற்பனைகள் அவை. உண்மை விலையைத் தரகர் ஒருவரிடமும், செப்பனிட்ட கொத்தனாரிடமும், வாங்கியவர் ஒருவரிடம் தேநீர்க் கடையிலும் பேச்சுக் கொடுத்து அறிந்தாராம்.

வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத் தீர்வை குறையாதிருக்க அரசு இட்ட தளம். சந்தை விலையைத் துரத்திப் பிடிக்க அது முயல்வதும் இல்லை. 2012 இல் உயர்த்தப்பட்டது. 2017 இல் 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. 2023 இல் மீண்டும் பழைய அளவுக்கு ஏற்றப்பட்டது. அந்தந்த ஆண்டில் வீடுகளின் உண்மை விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. இதற்குக் கீழே எழுதக் கூடாது என்று அரசு சொன்ன தொகையை, இதற்கு மேலே எழுத வேண்டாம் என்று நாம் படித்துக்கொண்டோம்.

பிற நாடுகளில் இது எவ்வாறு நிகழ்கிறது என்பதும் பேச்சில் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 1995 முதல் விற்கப்பட்ட வீடுகளின் விலையை நிலப் பதிவகம் வெளியிடுகிறது. முகவரியைக் கொடுத்தால் பக்கத்து வீடு என்ன விலைக்குப் போயிற்று என்று எவரும் காணலாம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் விற்ற விலை பொதுப் பதிவில் ஏறிவிடும். டெக்சஸ் போன்ற சில மாநிலங்களில் மட்டும் விலையை வெளியிடும் கடமை இல்லை. அங்கு வீட்டு முகவர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் பட்டியலில்தான் அது இருக்கும். அந்நாட்டின் ஸில்லோ நிறுவனம் 2006 முதல் ஒப்பீட்டு விலைகளைக் கணிப்பொறியில் இட்டு ஒவ்வொரு வீட்டிற்கும் மதிப்புச் சொல்லி வந்தது. 2018 இல் தானே வீடுகளை வாங்கி விற்கவும் தொடங்கியது. 2021 நவம்பரில், விலையைச் சரியாக முன்கணிக்க இயலவில்லை என்று பெருத்த நட்டத்தோடு அதைக் கைவிட்டது. ஈரம் கசியும் சுவரின் வாடையைப் பொறி அறியாது போலும்! ஆயினும் அங்கெல்லாம் விற்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் ஒரே பதிவேட்டைப் பார்க்கின்றனர். இங்கு அப்படியன்று.

மீண்டும் அந்த அம்மையாரிடம் வருவோம். "18 இலட்சம் என்று அவர் எப்படிச் சொன்னார்?" என்று கேட்டோம். நண்பருக்கு அது தெரிந்திருந்தது. அம்மையாரின் சகோதரர் மகன் ஒருவன், படித்தவன், கைப்பேசியில் வழிகாட்டி மதிப்பைப் பார்த்து 14 இலட்சம் என்று சொல்லியிருக்கிறான். பக்கத்து வீட்டு வில்லங்கத்தையும் பார்த்து, கூடினால் 15 என்றிருக்கிறான். அம்மையார், தமக்கு ஆசை மிகுந்துவிட்டதோ என்று அஞ்சியவாறே, 18 என்று கேட்டிருக்கிறார்.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். அவர் விலையை விசாரிக்காமல் இருந்துவிடவில்லை. எங்கு விசாரிக்க வேண்டுமோ அங்குதான் விசாரித்தார். பொதுப் பதிவேடு அவரிடம் பொய் சொல்லியிருக்கிறது. அப்பொய்யை எழுதியவர்கள் அவருடைய அண்டை வீட்டார்.

இனி நூல்களுக்கு வருவோம். விற்பவர் அறியாததை வாங்குபவர் சொல்ல வேண்டுமா என்ற வினா புதியதன்று. உரோமை அறிஞர் சிசரோ, கி.மு. 44 இல் தம் மகனுக்காக எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதனை வாதமாகவே அமைத்துள்ளார். பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வணிகர் அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு வருகிறார். பின்னால் வேறு பல கப்பல்கள் வருவதை அவர் வழியில் கண்டிருக்கிறார். அதைச் சொல்லாமல் உயர்ந்த விலைக்கு விற்கலாமா? சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார் பாபிலோன் நகர்த் தியோகெனெஸ். மனித குலத்தின் பொது நலனுக்காகப் பிறந்தவன் தானறிந்ததை மறைக்கலாகாது என்கிறார் அவருடைய மாணவர் அந்திப்பாத்தர். சிசரோ மாணவரின் பக்கம் நிற்கிறார். அதே நூலில் ஸ்கேவோலா என்னும் சட்ட அறிஞரைப் பற்றியும் கூறுகிறார். ஸ்கேவோலா ஒரு நிலத்தை வாங்கச் சென்று, ஒரே சொல்லில் விலை கேட்டார். விற்பவர் சொன்னார். "இதன் மதிப்பு அதைவிட மிகுதி" என்று கூறி, ஓர் இலட்சம் செஸ்தர்த்துக் காசுகளைக் கூட்டிக் கொடுத்தாராம். நல்லவர் செய்யும் செயல் என்று எல்லாரும் ஒப்புவர், அறிவாளி செய்யும் செயல் என்று ஒப்பமாட்டார் என்று சிசரோ அங்கு வருந்துகிறார். இரண்டாயிரம் ஆண்டுகளில் அந்தக் கருத்து பெரிதும் மாறியதாக நமக்குத் தோன்றவில்லை. புனித அகுஸ்தினாரும் தம் மூவொரு கடவுள் பற்றிய நூலில் இத்தகைய ஒருவரைக் குறிப்பிடுகிறார். விலையறியாத ஒருவன் ஏட்டுச் சுவடியொன்றை மலிவாக விற்க வந்தபோது, அவன் எதிர்பாராத நியாய விலையை அவர் கொடுத்தாராம். நம் பட்டினப்பாலையும் புகார் நகர வணிகரின் நடுவுநிலையைப் புகழ்வதை அன்பர்கள் அறிவீர்கள்.

புனித அக்குவினா தோமையார் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவில், 77 ஆம் வினாவில் இதனை ஆய்கிறார். தானிய வணிகர் பின்வரும் கப்பல்களைப் பற்றிச் சொல்ல நீதியின்படி கடமைப்பட்டவரல்லர், சொன்னால் அது மேலான நற்பண்பு என்பது அவர் முடிவு. குருமடத்தில் இதைப் படித்தபோது நாம் சற்று ஏமாற்றம் அடைந்தோம். நம் நண்பரும் இதைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். ஆனால் அவசரப்படக் கூடாது. வணிகர் கடமைப்பட்டவரல்லர் என்று தோமையார் சொல்வதற்குக் காரணம், அவர் அங்கு நிலவும் விலைக்கே விற்கிறார் என்பது. நாளை விலை இறங்கலாம், அது வருங்காலம். நம் நண்பரின் நிலை தலைகீழானது. இன்று, அத்தெருவில், நிலவும் விலை 25. அவர் 18 கொடுக்க எண்ணுகிறார். வணிகரைக் காக்கும் அந்த வாதம் இவரைக் காப்பதில்லை. எதிராகவே சாட்சி சொல்கிறது. பொருளின் மதிப்புக்கு மிகுதியாக விற்பதும் குறைவாக வாங்குவதும் தம்மளவில் நீதியற்றவை என்று அதே வினாவின் முதற்பகுதியில் தோமையார் எழுதியிருக்கிறார்.

அவர் கடுமையானவர் அல்லர். நியாய விலை கணிதப் புள்ளி போன்றதன்று, அது ஒருவகை மதிப்பீடே, சிறிது கூடினாலும் குறைந்தாலும் நீதி கெடாது என்றும் சொல்கிறார். 24 ஆ, 26 ஆ என்பது பேரம். 18 என்பது அந்த எல்லைக்குள் வராது. பழைய உரோமைச் சட்டத்தில், நியாய விலையில் பாதிக்கும் குறைவாக நிலத்தை விற்றவர் விற்பனையை முறிக்கக் கோரலாம். வாங்கியவர் குறையை நிறைவு செய்து நிலத்தை வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டுச் சட்டம் அவ்வளவு கூடச் செய்வதில்லை. 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55 ஆம் பிரிவு, விற்பவர் அறியாத, அவருடைய உரிமையின் தன்மை அல்லது பரப்பைப் பற்றிய, அதன் மதிப்பை உயர்த்தக்கூடிய உண்மையை வாங்குபவர் சொல்ல வேண்டும் என்கிறது. மனை உண்மையில் மூன்று சென்ட் என்று தெரிந்தால் சொல்லியாக வேண்டும். ஒரு சென்ட் என்ன விலை போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. சட்டம் நின்ற இடத்தில் மனச்சான்றும் நின்றுவிட வேண்டும் என்பது கட்டாயமா?

நண்பர் ஒரு வலிய மறுப்பை வைத்தார். அதனை நேர்மையாக இங்கே பதிவு செய்யாவிடில் நாம் அவருக்கு அநீதி செய்தவர்கள் ஆவோம். "25 கொடுத்து வாங்கினா நான் பிழைக்க முடியாது சாமி" என்றார். செப்பனிட்ட பின் அந்த வீடு 29 இலட்சத்திற்குப் போகும். செப்பனிட மூன்றரை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 2023 ஏப்ரல் முதல் சேர்ந்து 9 விழுக்காடு. அதற்கு ஏறத்தாழ இரண்டு. ஆறு மாத உழைப்பிற்கும் முடங்கிய பணத்திற்கும் இரண்டு. கழித்தால் 21½ இலட்சம். அதற்கு மேல் அவரால் கொடுக்க இயலாது. அப்படியானால் ஒப்பீட்டு விலையைவிடக் குறைத்து வாங்கும் இத்தொழிலே பாவமா?

இல்லை என்றே சொன்னோம். குடியிருக்க வாங்குபவர் வரும்வரை ஆறு மாதமோ ஓராண்டோ காத்திருக்க வேண்டும். பலர் வந்து பார்த்துக் குறை சொல்லிப் போவார்கள். வங்கிக் கடன் கிடைக்காமல் பேச்சு முறியும். இந்தத் தொல்லைகளை எல்லாம் ஒருவர் ஏற்றுக்கொண்டு அடுத்த மாதமே பணம் கொடுக்கிறார் என்றால், அதற்கு ஒரு விலை உண்டு. மருத்துவச் செலவுக்காக விற்பவருக்கு ஆறு மாதம் பெரிது. 25 இலட்சத்திற்கும் 21½ இலட்சத்திற்கும் இடைப்பட்ட தொகை அவர் ஆற்றும் பணிக்கான கூலி. 21½ இலட்சத்திற்கும் 18 இலட்சத்திற்கும் இடைப்பட்டதோ அந்த அம்மையாரின் அறியாமைக்கு இவர் வசூலிக்கும் வரி. முன்னதை முகத்திற்கு நேரே சொல்லிப் பெறலாம். பின்னதைச் சொல்லிப் பெற முடியுமா என்று கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை.

இவ்வளவும் சொல்லிய பின்னும் நம் மனம் அமைதி அடையவில்லை. பிறருக்கு எளிதாகச் சொல்லிவிட்டோம். இனி நம் பத்திரத்தைப் பற்றி.

2004 ஆம் ஆண்டில் நாம் ஒரு கிராமப் பங்கில் இருந்தோம். மறைக்கல்வி வகுப்பிற்குக் கூடம் இல்லை. கோவிலுக்குப் பின்புறம் ஆறு சென்ட் நிலம் ஒரு கைம்பெண்ணுடையது. கேட்டோம். சென்ட் 6,000 ரூபாய் என்றார். அதே தெருவில் வேறொரு குடும்பம் சென்ட் 10,000 ரூபாய்க்கு விற்றிருந்தது நமக்குத் தெரியும். விற்ற பின் நன்றித் திருப்பலிக்கு வந்தபோது அவர்களே சொன்னது. மேய்ப்பன் என்ற முறையில் கேட்ட செய்தியைத் தரகனைப் போலப் பயன்படுத்தினோம். வாய் திறக்கவில்லை. 36,000 ரூபாய்க்கு முடிந்தது. பங்குப் பேரவையில் நம் சாமர்த்தியத்தைப் பாராட்டினார்கள். அது இனிமையாகவே இருந்தது. பத்திர எழுத்தர், வழிகாட்டி மதிப்பு சென்ட் 4,000 தான், அப்படியே போட்டுவிடலாம் என்றார். மறைமாவட்டத்தின் பெயரில் 24,000 ரூபாய்க்குப் பத்திரம் பதிவாயிற்று. அதனால் பங்கிற்கு மிச்சமானது ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்.

மறு ஆண்டு ஊர்ச்சாலையை அகலப்படுத்த அறிவிப்பு வந்தது. 1894 ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. அதன்படி அறிவிப்பு நாளில் நிலவிய சந்தை மதிப்பும், அதன்மேல் 30 விழுக்காடு ஆறுதல் தொகையும் கொடுக்க வேண்டும். சந்தை மதிப்பைக் காண அதிகாரிகள் செய்வதும் நம் நண்பர் செய்வதும் ஒன்றே: சுற்றுவட்டாரத்தில் அண்மையில் பதிவான பத்திரங்களை எடுத்து, பொருந்தாதவற்றைத் தள்ளி, ஒன்றை மாதிரியாகக் கொள்வார்கள். ஆனால் அதிகாரிக்குத் தேநீர்க் கடை கிடையாது. அவர் பத்திரத்தை மட்டுமே நம்ப வேண்டும்.

2007 இல் ஒரு மாலை அதே அம்மையார் சில தாள்களோடு வந்தார். சாலையோரத்தில் அவருக்கு எஞ்சியிருந்த நிலத்தில் மூன்று சென்ட் போய்விட்டது. "சாமி, இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். வாசித்தோம். சென்ட் 4,000 ரூபாய் என்று நிர்ணயித்திருந்தார்கள். அதற்கு ஆதாரமாகக் கொண்ட மாதிரி நிலத்தின் புல எண் கீழே இருந்தது. மறைக்கல்விக் கூடத்தின் புல எண் அது. இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்களின் நிலத்திற்கு நம் பத்திரம் விலை சொல்லியிருந்தது. மறைமாவட்டத்தின் பெயரில் இருந்த பத்திரம் ஆதலால் அதில் ஐயுறுவதற்கு ஏதுமில்லை என்று எண்ணியிருக்கலாம். தொகையை மட்டும் அம்மையாரிடம் வாசித்துச் சொன்னோம். புல எண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வசதியுள்ள நான்கைந்து பேர் நீதிமன்றம் சென்றனர். ஏனையோர் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டனர்.

அச்சட்டம் இன்று இல்லை. 2014 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், மூன்று ஆண்டுப் பத்திரங்களை எடுத்து, அவற்றுள் உயர்ந்த விலையுள்ள பாதியின் சராசரியைக் கணக்கிடச் சொல்கிறது. வழிகாட்டி மதிப்பு அதைவிட மிகுதியானால் அதையே கொள்ள வேண்டும். நம் மக்களின் பழக்கத்தை நன்கு அறிந்தவர்கள் இயற்றிய சட்டம் போலும். ஆயினும் தெருவே சேர்ந்து குறைத்து எழுதினால் உயர்ந்த பாதியும் தாழ்ந்தே நிற்கும்.

எரேமியா இறைவாக்கினர் அனத்தோத்தில் நிலம் வாங்கியதை நினைத்துப் பார்க்கிறோம். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நேரம். 17 செக்கேல் வெள்ளியைச் சாட்சிகள் முன் நிறுத்துக் கொடுத்து, முத்திரையிட்ட பத்திரத்தோடு திறந்த படி ஒன்றையும் மண்கலத்தில் இட்டுப் பாதுகாக்கச் செய்கிறார். ஆபிரகாமும் மக்பேலாக் குகை நிலத்திற்கு 400 செக்கேலை நகர வாயிலில், ஊரார் காதில் விழும்படி நிறுத்துக் கொடுத்தார். விலை என்பது இருவருக்கு இடையே உள்ள செய்தி என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் அவ்வாறு நினைக்கவில்லை.

2013 இல் அவ்வூர்த் திருவிழாவில் மறையுரை ஆற்ற அழைத்திருந்தார்கள். அந்த அம்மையார் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவர் மகளைத் தனியே சந்தித்து நடந்ததைச் சொல்லி, சென்ட்டுக்கு 4,000 வீதம் நாம் குறைத்துக் கொடுத்த 24,000 ரூபாயை நம் கையிலிருந்து கொடுக்க முயன்றோம். நாம் எதற்காக இதைச் சொல்கிறோம் என்றே அவருக்கு விளங்கவில்லை. "கோவிலுக்குத்தானே சாமி கொடுத்தோம்" என்று சொல்லிக் காப்பி போடப் போய்விட்டார். பணத்தை வற்புறுத்திக் கொடுத்து வந்தோம். மற்ற இருபது குடும்பங்களுக்கு எவ்வாறு ஈடு செய்வது என்பதற்கு அறநெறி இறையியலில் விதிகள் உண்டு. ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. அந்த விதிகளை நாம் மாணவர்க்கு எளிதில் விளக்கிவிடுவோம்.

இதனை நண்பரிடம் சொன்னபோது அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பின்னர், "அப்போ நான் சொல்லணும்கிறீங்க" என்றார். வேறொருவர் குறைத்து எழுதிய பத்திரத்தால் அந்த அம்மையார் ஏமாந்து நிற்கிறார். அந்தப் பொய்யை நீர் எழுதவில்லை, ஆனால் அதிலிருந்து ஆதாயம் பெறப் போகிறீர். வெறும் மௌனம் என்று இதைச் சொல்ல முடியாது, தம்பி என்றோம்.

உயிர்ப்புப் பெருவிழா கழிந்த வாரம் அவர் சென்றார். மூன்று வீடுகளின் விலையையும், கூட்டிக் கழித்த கணக்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று வாசித்தாராம். காத்திருந்து விற்றால் 25, தமக்கு விற்றால் 21½, அடுத்த மாதமே பணம் என்று இரண்டையும் சொன்னாராம். அம்மையார் தாளை வாங்கி மடித்து விவிலியத்திற்குள் வைத்துக்கொண்டு, மகளிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். பத்து நாளில் அழைப்பு வந்தது. கண் அறுவை மருத்துவம் தள்ளிப்போட முடியாதாம். 22 கொடுத்தால் முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். 22 என்று முடிந்தது. அரை இலட்சத்தை நண்பர் தம் கூலியிலிருந்து விட்டுக்கொடுத்தார்.

பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. 22 இலட்சத்தையும் அப்படியே எழுத வேண்டும் என்கிறார் நம் நண்பர். அதனால் அவருக்குக் கூடுதலாகும் செலவு 70,000 ரூபாய்க்கு மேல். அம்மையாரின் மருமகனோ, மூலதன ஆதாய வரி வந்துவிடும், ஊரில் எல்லாரும் 14 தானே போடுகிறார்கள் என்று மறுக்கிறார். சென்ற ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் மருமகன் நம்மைக் காண வந்தார். நண்பருக்கு நாம்தான் புத்திமதி சொல்ல வேண்டுமாம். வரும் வியாழன் மாலை இருவரையும் வரச் சொல்லியிருக்கிறோம். அந்தப் பழைய தீர்ப்புத் தாளின் படியொன்று நம் பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்து வைத்திருக்கிறோம்.